உப்பை விரட்டுங்கள், பிறகு பூசுங்கள்: வீட்டிலேயே சேசிஸுக்குத் துருக்காப்பு

கடலோர ஊர்களில் வண்டிக்கு முதலில் வயதாவது அடிப்பக்கத்தில்தான். இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பாடி பளபளவென்று இருக்கும், சேசிஸ் மட்டும் சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருக்கும். தூத்துக்குடி, இராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம் பழைய வண்டி வாங்கப் போகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள், பானெட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே குனிந்து அடியைப் பார்த்துவிடுவார்கள்.

பொலேரோ, ஸ்கார்ப்பியோ, தார், சுமோ, இன்னோவா, பிக்கப் போல, தனிச் சேசிஸின் மேல் பாடி உட்கார்ந்திருக்கும் வண்டிகளை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. சின்னக் கார்களுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. ஆனால் அவற்றின் அடித்தகட்டுக்கும் இதே முறைதான்.

வேலையில் இறங்கும் முன் ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு, தனக்குக் கீழே இருப்பதை அப்படியே மூடி வைக்கும். கீழே சுத்தமான, காய்ந்த இரும்பு இருந்தால் அந்த இரும்பு பிழைக்கும். கீழே உப்பும் ஈரமும் இருந்தால் அவை உள்ளே பத்திரமாக இருந்து வேலையைத் தொடரும். அதனால் இந்த வேலையில் பெரும்பங்கு உழைப்பு பிரஷ்ஷை டப்பாவில் தொடுவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

துரு எப்படிப் பிடிக்கிறது

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். உப்பு சேர்ந்தால் இரண்டு கெடுதல். ஒன்று, உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் தக்கவைக்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே கசிய ஆரம்பித்துவிடும். கடல் உப்போடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்பே ஈரம் பிடிக்கும். நம் கடற்கரையில் இரவு நேரத்து ஈரப்பதம் பெரும்பாலும் 75-ஐத் தாண்டித்தான் இருக்கும். ஆக, மழையே பெய்யாவிட்டாலும் சேசிஸ் இரவெல்லாம் நனைந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது கெடுதல், உப்புக் கரைசலில் மின்னோட்டம் எளிதாகப் பாயும். துருப்பிடிப்பது மின்வேதி வினை என்பதால் அது வேகமெடுக்கும்.

துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பெயின்ட் உப்பி எழும்புகிறது, இரண்டு தகடு சேரும் இடம் பிதுங்குகிறது. தொழிற்சாலையில் மின்முறையில் ஏற்றிய இ.டி. கோட்டிங் நல்ல பூச்சுதான். ஆனால் அதன் தடிமன் ஏறத்தாழ 20 மைக்ரான். டயர் வீசும் ஜல்லி ஒன்று பட்டாலே இரும்பு வெளியே தெரியும்.

காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட, சிக்ரி என்று எல்லோரும் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபம் கடற்கரையில் இரும்புத் துண்டுகளை வெளியே வைத்துத் துரு எவ்வளவு தின்கிறது என்று அளந்திருக்கிறது. அந்தப் பகுதி எவ்வளவு பொல்லாதது என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை, 2022 இறுதியில் ரயில் போக்குவரத்து நிற்கும்வரை, சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதுமாகவே பராமரித்தார்கள். அவ்வளவு உப்புக் காற்றிலும் இரும்பை நூறு ஆண்டுக்கு மேல் வேலை வாங்க முடிந்தது என்றால், ஒரு சேசிஸை இருபது ஆண்டு காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது.

முதலில் தட்டிப் பாருங்கள்

பூச்சு போடத் தகுதியான சேசிஸா, வெல்டிங் தேவைப்படும் சேசிஸா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சின்னச் சுத்தியலால் சேசிஸின் நீளம் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். தூத்துக்குடிப் பட்டறை ஒன்றில் டிங்கர் தம்பி ஒருவர் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிய விதம் இதைச் சரியாகச் சொல்லிவிடும்: "அண்ணாச்சி, சத்தத்தைக் கேளுங்க. இங்க கணீர்னு வருதா? இந்தா, இங்க சொத்துனு வருது. இதுக்கு மேல பெயின்ட் அடிச்சு என்ன பிரயோசனம்? மொதல்ல பேட்ச் போடணும்."

சத்தம் மந்தமான இடத்தில் பழைய ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அங்கே வேலையை நிறுத்துங்கள். குறிப்பாக இந்த இடங்களைப் பாருங்கள்:

- கமான் பட்டையின் இரண்டு முனைகளையும் சேசிஸோடு சேர்க்கும் பிராக்கெட்டுகள்
- பாடி உட்காரும் ரப்பர் மவுண்டுகளைச் சுற்றியுள்ள தகடு
- பின்சக்கரத்துக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம்
- குறுக்குச் சட்டங்கள் வெல்டிங் ஆகும் மூலைகள்
- ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்தியிருக்கும் பகுதி

இவற்றில் ஓட்டையோ விரிசலோ இருந்தால் அனுபவமுள்ள வெல்டரிடம் காட்டிச் சரி செய்த பிறகே பூச்சு. ஓட்டையைப் பட்டி வைத்து மூடிக் கறுப்பு அடிப்பது உயிரோடு விளையாடுவது. அடுத்து அந்த வண்டியில் போகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு நாம் பொறுப்பு.

எந்த மாதம், எந்த நேரம்

நம் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். அதற்குமுன், செப்டம்பர் நடுவிலாவது வேலை முடிந்திருந்தால் பூச்சு முழுமையாக இறுகிவிடும். பங்குனி, சித்திரை மாதங்களும் நல்லவை. தையிலும் மாசியிலும் வெயில் இருந்தாலும் பனி இறங்கும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனி இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாக உட்காரும். ஆனி, ஆடியில் மேல்காற்று புழுதியை வாரி ஈரப் பெயின்ட் மேல் ஒட்டிவிடும். அப்போது செய்ய வேண்டுமானால் சுவர் மறைவு அவசியம்.

ஒரு நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். காலையில் ஈரம் காய்ந்த பின் தொடங்கி, நண்பகலில் கடற்காற்று திரும்பும் முன் பூசி முடித்துவிடுங்கள். காற்று கடலிலிருந்து வீசத் தொடங்கினால் ஈரமும் உப்பும் சேர்ந்தே வரும். பெயின்ட் தொழிலில் இரண்டு விதிகள் உண்டு: காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இரும்பின் சூடு, பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். வீட்டில் கருவி இல்லாதவர்கள் ஈரத் துணியால் சேசிஸில் ஓர் இடத்தைத் துடைத்து விடுங்கள். கால் மணி நேரத்துக்குள் தடயமில்லாமல் காய்ந்தால் பூசலாம். காயாவிட்டால் அன்றைக்கு வேண்டாம். வெயிலில் கை வைக்க முடியாத அளவு சூடேறிய இரும்பிலும் பூசாதீர்கள். தின்னர் சட்டென ஆவியாகிப் பெயின்ட் சரியாகப் பிடிக்காது.

எந்தப் பூச்சு வாங்குவது

கடையில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ரெட் ஆக்சைடு பிரைமர்: மலிவு, எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். தனியாக விட்டால் ஈரத்தை உள்ளே விடும். மேலே எனாமல் அடித்தாலும் கடலோரச் சேசிஸுக்கு இது கடைசித் தேர்வுதான்.

இரண்டு டப்பா எபாக்சி பிரைமர்: பேஸும் ஹார்ட்னரும் தனித்தனி. சுத்தமான இரும்பில் நன்றாகக் கவ்வும், உப்பு நீரைத் தாங்கும். ஜிங்க் பாஸ்பேட் கலந்ததைக் கேட்டு வாங்குங்கள். வெயில் பட்டால் எபாக்சி வெளுத்துப் பொடியும் என்பது உண்மை. சேசிஸ் நிழலில் இருப்பதால் நமக்கு அந்தக் கவலை குறைவு. வீட்டு வேலைக்கு இதையே சொல்வேன். மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமர் யாராவது தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது.

ரப்பர் அல்லது தார் கலந்த அண்டர்கோட்டிங்: கல்லடியைத் தாங்குவதற்கு நல்லது, மட்கார்டு உட்புறத்துக்கு ஏற்றது. ஆனால் வெறும் இரும்பின் மேலோ துருவின் மேலோ நேரடியாக அடிக்கக் கூடாது. வருடங்கள் ஓட ஓட அது இறுகி வெடிக்கும். வெடிப்பில் நுழைந்த தண்ணீர் வெளியே வர வழியின்றி உள்ளேயே கிடக்கும். வெளியில் எல்லாம் கறுப்பாக நன்றாகத் தெரியும்.

மெழுகு வகைப் பூச்சு: காய்ந்தாலும் மென்மையாக இருக்கும், இடுக்கில் ஊறிப் போகும். பெட்டிச் சட்டத்தின் உட்புறத்துக்கு இதைவிட நல்லது இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

துரு மாற்றி என்று விற்கும் திரவம் பலருக்குக் குழப்பம் தருவது. அதில் இருப்பது பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ. டானின் இரும்போடு சேர்ந்து கறுத்துப்போகும். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து தரும் கறுப்பு இதே வேதியியல்தான். சுரண்டியும் போகாத, குழிக்குள் ஒட்டிய மெல்லிய துருவை இது நிலைப்படுத்தும். ஏடு ஏடாக உரியும் துருவுக்கு இது மருந்தாகாது. அமில வகை மாற்றியின் மிச்சம் எபாக்சி ஒட்டுவதைக் கெடுக்கும்; எனவே டப்பாவில் சொன்னபடி கழுவி எடுத்துவிட்டு, அதன் மேல் எந்தப் பிரைமர் பொருந்தும் என்பதையும் அங்கேயே படித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்குவது? 15 செ.மீ. உயரம், 7.5 செ.மீ. அகலம் உள்ள பெட்டிச் சட்டம் ஒன்றின் சுற்றளவு 45 செ.மீ. 4 மீட்டர் நீளத்துக்கு 1.8 சதுர மீட்டர்; இரண்டு சட்டத்துக்கு 3.6. குறுக்குச் சட்டங்களையும் பிராக்கெட்டுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 5 சதுர மீட்டர். கன அளவில் பாதி திடப்பொருள் உள்ள பெயின்ட் ஒரு லிட்டர், 50 மைக்ரான் தடிமனில் 10 சதுர மீட்டர் வரும் என்பது கணக்கு. இரண்டு கோட்டுக்கு அது சரியாக இருந்தாலும், சொட்டுவது, பிரஷ்ஷில் தங்குவது, மூலைகளில் கூடுதலாக வைப்பது எல்லாம் போக இரண்டு லிட்டர் வாங்குவது நல்லது.

அடியில் போகும் முன்

இந்த விதிகளில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

1. சமதளமான சிமென்ட் தரை. சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை.
2. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. வண்டி எடையைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகளில் உட்கார வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வைக்காதீர்கள். அவை சொல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டை ஆக்சிலின் கீழ் வைத்தால் சேசிஸ் முழுவதும் வேலைக்குக் கிடைக்கும்.
3. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கிரைண்டர் பொறி பறக்கும்போது டேங்க், டீசல் பைப் பக்கம் ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். எரிபொருள் கசிவு வாடை வந்தால் அதைச் சரி செய்யும்வரை கிரைண்டரைத் தொடாதீர்கள்.
4. சர்வீஸ் ஸ்டேஷன் குழிக்குள் இறங்கித் தின்னர், பெயின்ட் வேலை செய்யாதீர்கள். அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. குழியில் தேங்கி மயக்கவும் தீப்பிடிக்கவும் செய்யும்.
5. முழுக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, கரிம ஆவியை வடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க். துணி மாஸ்க் தூசிக்குக்கூடப் போதாது. இரண்டு டப்பா பாலியூரித்தேன் பெயின்ட்டை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். வீட்டுக்கு எபாக்சியும் பிரஷ்ஷும் போதும்.
6. கையில் பட்ட பெயின்ட்டைத் தின்னரால் கழுவாதீர்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு சோப்பு போடுங்கள்.

படி 1: மண்ணையும் எண்ணெயையும் எடுப்பது

பின்சக்கரத்துக்கு மேலே, சேசிஸ் வளைவில் விரலை விட்டுப் பாருங்கள். வெளியே காய்ந்து கெட்டியாகத் தெரியும் மண் உள்ளே குளிர்ச்சியாக, ஈரமாக இருக்கும். மழை நின்று வாரங்கள் ஆனாலும் அந்த மண் இரும்போடு ஒட்டி ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைத்திருக்கும். கடலோரச் சேசிஸ்களில் பெரும்பாலான ஓட்டைகள் இப்படிப்பட்ட மண்பொதிக்குப் பின்னால்தான் விழுகின்றன. மரக்குச்சியால் கிளறி, தண்ணீரைப் பாய்ச்சி, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். பெட்டிச் சட்டத்தின் ஓட்டைகள் வழியாக உள்ளேயும் ஹோஸை விட்டுக் கழுவுங்கள். அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறங்கள்.

வாட்டர் சர்வீஸில் கொடுத்துக் கழுவினால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழுவி முடித்ததும் அடியில் ஆயில் அடித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது விழுந்துவிட்டால் எண்ணெய் நீக்கும் வேலை இரட்டிப்பாகும்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காமல் கம்பி பிரஷ் போடாதீர்கள். பிரஷ் அந்தப் பிசுக்கைச் சேசிஸ் முழுக்கத் தேய்த்துவிடும். டீகிரீசரோ சோப்புக் கரைசலோ போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீர் படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

படி 2: துருவைச் சுரண்டுவது

உரிந்து வரும் துருவை முதலில் பட்டி பிளேடாலும் சுத்தியல் முனையாலும் எடுங்கள். பிறகு கிரைண்டரில் கப் பிரஷ். மூலைகளுக்குக் கை பிரஷ். சுழலும் கம்பி பிரஷ் துருவை எடுப்பதற்குப் பதிலாக அதைப் பழுப்பாக மெருகேற்றிவிடுவதும் உண்டு. பார்க்க இரும்பு மாதிரியே பளபளக்கும். எனவே பிரஷ்ஷுக்குப் பிறகு 80-ஆம் நம்பர் எமரி தாளால் எல்லா இடத்தையும் தேய்த்துவிடுங்கள். துரு இருந்தால் அப்போது தெரியும். பெயின்ட் கவ்வுவதற்கு நுண்ணிய கீறல்களும் கிடைக்கும்.

எந்த அளவு சுத்தம் போதும்? ஐ.எஸ்.ஓ. 8501 தரத்தில் கைக்கருவிச் சுத்தத்துக்கு எஸ்.டி. 3 என்று ஒரு நிலை உண்டு: தளர்ந்த துருவோ பெயின்ட்டோ ஒன்றும் இல்லாமல், உலோகத்தின் மினுக்கம் தெரிய வேண்டும். நம் இலக்கு அதுதான். நன்றாக ஒட்டியிருக்கும் தொழிற்சாலைப் பூச்சைப் பிய்க்க வேண்டியதில்லை. அதன் மேற்பரப்பை மட்டும் தேய்த்து, ஓரத்தைச் சரிவாக்குங்கள்.

படி 3: உப்பைக் கழுவுவது

பலரும் தாண்டிப் போகும் படி இது. கடலோரத்தில் பூச்சின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

துருவை எடுத்த பின்னும் குழிகளின் அடியில் உப்பு தங்கியிருக்கும். அதைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். நம் ஊர்களில் போர்த் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு வேறு உப்பை வைப்பதாகும். ஆர்.ஓ. தண்ணீர் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். கடைசிக் கழுவல் அதற்கும் கீழே இருக்கட்டும். 20 லிட்டர் கேன் தண்ணீர் இரண்டும் புதிதாக வாங்கிய கைத்தெளிப்பான் ஒன்றும் இருந்தால் போதும். சேமித்த மழைநீர் இன்னும் நல்லது. நைலான் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, உடனே காற்றடித்து உலர்த்துங்கள். தகடு சேரும் இடுக்குகளில் ஹேர் டிரையர் காட்டுங்கள்.

பிறகு ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் காலை டார்ச் அடித்துப் பாருங்கள். சேசிஸ் முழுவதும் லேசாகச் செம்பழுப்புப் படர்ந்திருந்தால் அது ஈரக்காற்றால் வந்த மேல்துரு. எமரி தாளில் போய்விடும். குழிகளில் மட்டும் கறுப்பாக, ஈரம் கசிந்தாற்போல் புள்ளிகள் இருந்தால் அங்கே உப்பு உட்கார்ந்திருக்கிறது. அந்த இடங்களை மறுபடி தேய்த்து, மறுபடி கழுவி, மறுபடி உலர்த்துங்கள். புள்ளிகள் வராத காலைதான் பூசுகிற காலை.

படி 4: பூசுவது

பூசக் கூடாத இடங்களை (பட்டியல் கீழே) முதலில் டேப்பும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடுங்கள். எபாக்சித் தின்னரில் நனைத்த துணியால் கடைசியாக ஒருமுறை துடையுங்கள். இதற்குப் பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் ஒட்டும். பழைய வேட்டித் துணி நல்லது.

பேஸையும் ஹார்ட்னரையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் அளந்து கலக்குங்கள். கண்ணளவு கூடாது; ஹார்ட்னர் கூடினாலும் குறைந்தாலும் பூச்சு சரியாக இறுகாது. டப்பாவில் போட்டிருக்கும் கலவை ஆயுள் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கான கணக்கு. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கால் லிட்டர், கால் லிட்டராகக் கலக்குங்கள். எபாக்சிக்கு எபாக்சித் தின்னர்தான், என்.சி. தின்னர் ஊற்றாதீர்கள்.

முதலில் முழுச் சேசிஸையும் விட்டுவிட்டு, வெல்டிங் கோடுகள், விளிம்புகள், போல்ட் ஓட்டைகளின் வாய், மூலைகள் ஆகியவற்றை மட்டும் சின்னப் பிரஷ்ஷால் தேய்த்துப் பூசுங்கள். ஈரப் பெயின்ட் கூரான விளிம்பிலிருந்து பின்வாங்கும் குணம் உள்ளது. துரு முதலில் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். இது தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் முழுக் கோட். அடுத்த கோட்டை டப்பாவில் சொன்ன இடைவெளிக்குள் போடுங்கள். அந்த இடைவெளி கடந்துவிட்டால் எமரி தாளால் தேய்த்த பிறகுதான் அடுத்தது ஒட்டும்.

முதல் கோட் சாம்பல் நிறம், இரண்டாவது கறுப்பு என்று வைத்துக்கொண்டால் விட்டுப்போன இடம் உடனே தெரியும். படுத்தபடி பூசும்போது தெரியாத மேல்பக்கத்தைச் சின்னக் கண்ணாடியை நீட்டிப் பாருங்கள்.

மிஞ்சிய கலவையைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதிகமாக ஒரே டப்பாவில் விட்டால் தானே சூடேறிப் புகையும். பழைய தட்டில் மெல்லியதாகப் பரப்பி இறுக விட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

படி 5: பெட்டிக்குள் மெழுகு

வெளிப்பூச்சு இறுகியதும், ஏற்கெனவே உள்ள ஓட்டைகள் வழியாக நீளக் குழாய் முனையைச் சட்டத்தின் உள்ளே விடுங்கள். கடைசிவரை நுழைத்து, அடித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள். புது ஓட்டை போடாதீர்கள். சேசிஸின் வலு குறையும். இடுக்குகளில் மெழுகு கசிந்து வெளியே தெரிந்தால் உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முடிந்ததும் வடிகால் ஓட்டைகளை மீண்டும் கம்பியால் திறந்துவிடுங்கள். பின்னாளில் வெல்டிங் செய்ய நேர்ந்தால் உள்ளே மெழுகு இருப்பதை வெல்டரிடம் சொல்ல மறக்காதீர்கள், அது தீப்பிடிக்கும்.

ஓரிரு நாளில் வண்டியை எடுக்கலாம். முழுமையாக இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை வாட்டர் வாஷும் கடற்கரைச் சாலையும் வேண்டாம்.

பூசக் கூடாத இடங்கள்

- சைலன்சரும் அதன் பைப்பும்: சூட்டில் புகையும், தீப்பிடிக்கவும் கூடும்
- பிரேக் டிஸ்க், டிரம், பிரேக் ஹோஸ்
- ரப்பர் புஷ், மவுண்டு: எண்ணெயும் தாரும் ரப்பரை ஊத வைக்கும்
- ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டு
- சுழலும் புரோபெல்லர் ஷாஃப்ட்: ஒரு பக்கம் கனத்தால் அதிரும்
- வயர் கனெக்டர், சென்சார், எர்த் போல்ட்
- வடிகால் ஓட்டைகள்
- சேசிஸ் நம்பர்

கடைசியாகச் சொன்னதைத் தனியாகக் கவனியுங்கள். எஃப்.சி.யின்போதும் பெயர் மாற்றத்தின்போதும் அந்த எண்ணைப் பார்ப்பார்கள், பென்சில் பிரிண்ட் கேட்பார்கள். கிரைண்டரால் தேய்த்தாலோ தடிமனாகப் பூசினாலோ எண் மங்கி, வீண் சந்தேகத்துக்கு இடமாகும். அந்த இடத்தைக் கையால் மட்டும் சுத்தம் செய்து, ஒளி ஊடுருவும் மெழுகை மெல்லியதாகத் தடவினால் போதும்.

பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம்

செலவில்லாத துருக்காப்பு என்று பழைய ஆயிலை அடிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது கொஞ்ச நாள் ஈரத்தைத் தள்ளும் என்பது மெய்தான். ஆனால் இன்ஜினில் எரிந்து வந்த அமிலங்களும் புற்றுநோய் தரும் சேர்மங்களும் அதில் இருக்கின்றன. ரப்பர் பாகங்களைக் கெடுக்கும், புழுதியைப் பசையாக்கும், சொட்டிச் சொட்டி வீட்டு மண்ணிலும் கிணற்றிலும் சேரும். பின்னால் ஒரு நாள் முறையாகப் பூச நினைத்தால் அந்த எண்ணெயை இடுக்கிலிருந்து எடுப்பது பெரும்பாடு.

பூசிய பிறகு

மீன் ஏற்றும் வண்டிக்காரர்கள் ஒன்று செய்தால் பாதிக் கவலை தீரும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் மீன் பெட்டியிலிருந்து நேராகச் சேசிஸில் விழாதபடி, வடியும் வாயில் ஒரு ஹோஸை மாட்டிச் சட்டத்தைத் தாண்டி இறக்கி விடுங்கள். உப்பளச் சாலையில் ஓடும் வண்டிகளை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவுங்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடியில் வந்ததுபோல் வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால், தண்ணீர் வடிந்த கையோடு பெட்டிச் சட்டத்தின் உள்ளே கழுவி, உலர்த்தி, மெழுகைப் புதிதாக அடியுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு பரிசோதனை போதும். ஆவணியில், மழைக்கு முன்: மெழுகைப் புதுப்பித்து, வடிகால் ஓட்டைகளைத் திறப்பது. தையில், மழைக்குப் பின்: மண்ணைக் கழுவி, டார்ச் அடித்து, கல் பட்ட இடங்களைத் தேடுவது. எந்தப் பெயின்ட், எந்தத் தேதி, எந்த இடத்தில் துரு இருந்தது என்பதை வண்டி நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் அவைதான். துரு ஒரு ரூபாய் நாணய அளவில் இருக்கும்போது எமரி தாளும், ஒரு குவளை நல்ல தண்ணீரும், கொஞ்சம் பிரைமரும் அதைத் தீர்த்துவிடும். உள்ளங்கை அளவுக்குப் போய்விட்டால் வெல்டரும், பட்டறையில் வண்டி நிற்கும் நாட்களும், அந்த நாட்களின் வருமானமும் கணக்கில் சேரும். தை மாதப் பரிசோதனையை மட்டும் எந்த ஆண்டும் தள்ளிப் போடாதீர்கள்.